சாவிக்காரனின் ஈரச் சட்டை

கேபிள் ஆபரேட்டர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு நானும் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். தேனி அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டார்கள். "இடி விழுந்து ஆம்ப்ளிஃபையர் எரிஞ்சது, மழையில கம்பத்துல ஏறுனது, அந்த மாதிரி எழுதுங்கக்கா" என்றான் ஒருவன். இடியைப் பற்றி எழுத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு இடி கைவசம் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது வேறு. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் கதையை முன்பின்னாக மாற்றிப் போட்டு, உத்தமபாளையத்தையும் சுற்றுப்பட்டியையும் ஒன்றரை மாதம் சண்டை போட வைத்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. அதைத்தான் எழுதுவேன்.

என் பெயர் மரகதம். தொண்ணூற்றாறில் உத்தமபாளையத்துக் கேபிள் கண்ட்ரோல் ரூமில் ஃபோன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். "படம் வரலை", "சத்தம் வரலை", "பக்கத்து வீட்டுல வருது, எங்களுக்கு மட்டும் ஏன் வரலை" என்ற மூன்று வாக்கியங்களைத்தான் முதல் வருடம் முழுக்கக் கேட்டேன். இரண்டாம் வருடம் கம்பி முனையில் ஜாக் மாற்றக் கற்றேன். மூன்றாம் வருடம், சேனலைக் கம்பியில் ஏற்றிவிடும் மாடுலேட்டரைத் தொட விட்டார்கள். நான்காம் வருடத்தில் லோக்கல் சேனல் என் கைக்கு வந்தது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கண்ட்ரோல் ரூம் என்றால் ஏதோ ராக்கெட் விடும் இடம் என்று நினைக்காதீர்கள். மாடியில் ஓர் அறை. அதற்கு மேலே நான்கு டிஷ். உள்ளே இரும்பு ரேக், அதில் சேனலுக்கு ஒன்றாக மாடுலேட்டர்கள். கடைசித் தட்டில் இருந்தது எங்கள் சொந்தச் சேனல். அதற்கென்று ஒரு வி.சி.ஆர்., ஒரு சி.டி. பிளேயர், திரையில் எழுத்து ஓட்ட ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். திருவிழா, மஞ்சள் நீராட்டு, கண் சிகிச்சை முகாம், மரண அறிவிப்பு, அப்புறம் ஏழு மணிக்கு ஒரு சினிமா. இவ்வளவுதான் எங்கள் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்குப் பொறுப்பாளர் சிவனாண்டி சார். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வெயில் மழை எதுவானாலும் கேன்வாஸ் ஷூ. சட்டைப் பையில் ஒரு பென்சில். எது ஒளிபரப்பானாலும் பதிவேட்டில் பென்சிலால் எழுதுவார். தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டார். குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவார். அவரிடம் ரப்பரே கிடையாது.

தினமும் சாயங்காலம் மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் லைனின் கடைசி வீட்டுக்குப் போவார். அனுமந்தன்பட்டியைத் தாண்டி, ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் இருந்தது அந்த வீடு. பேச்சியம்மாள் என்று ஆடு வளர்க்கிற அம்மா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வழியில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபையர் பதினொன்றைத் தாண்டிப் போவதால் அங்கே படம் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். "நம்ம மானிட்டர்ல தெரியறது படமில்லம்மா. கடைசி வீட்டுல எப்படித் தெரியுதோ, அதுதான் படம்" என்பார் சார். அங்கே போய் அவர் கேட்பது ஒரே கேள்வி: "படம் எப்படி வருதுத்தா?" நிகழ்ச்சியை அவர் பார்த்ததே இல்லை. புள்ளி விழுகிறதா, கோடு ஓடுகிறதா, அதை மட்டும்தான் பார்ப்பார். ஒரு நாள் நகைச்சுவைக் காட்சிக்கு வீடே உருண்டு சிரித்துக்கொண்டிருக்க, இவர் குனிந்து திரையின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பேச்சியம்மாளே என்னிடம் சொன்னார்.

சாரின் சட்டம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கே. பெருமாள் என்பவர் இறந்துவிட்டதாக ஃபோனில் அறிவிப்பு சொன்னார்கள். திருவிழா வாழ்த்துக்காக யாரோ கொடுத்த, பெருமாள் என்றொருவரின் படம் என் மேசை டிராயரில் இருந்தது. விசாரிக்காமல் அதைப் போட்டுவிட்டேன். அது வேறு பெருமாள். அந்தப் பெருமாள் தன் வீட்டில் காபி குடித்துக்கொண்டே தன்னுடைய மரண அறிவிப்பைப் பார்த்திருக்கிறார்.

சார் என்னைத் திட்டவில்லை. மொபெட்டில் பின்னால் உட்காரச் சொல்லி நேரே அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். பெருமாளின் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, மனுசன் இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காக. நீ அங்கன மாலையப் போட்டுட்ட. எங்க மதினி கடமலைக்குண்டுல இருந்து அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டாகளாம். இப்ப அவுகளுக்கு யாரு சொல்றது?"

பெருமாள்தான் என்னைக் காப்பாற்றினார். "விடு. கூடப் பொறந்த அக்கா நம்ம வீட்டுக்கு வந்து நாலு வருசமாச்சு. இப்படியாவது வரட்டும்" என்றார்.

திரும்பி வந்ததும் சார் பதிவேட்டைப் புரட்டினார். "இந்த அறிவிப்பு எத்தனை தடவை ஓடுச்சு?"

"ஆறு தடவை சார்."

"அப்ப திருத்தமும் ஆறு தடவை ஓடணும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். தப்பு எந்த நேரத்துல ஓடுச்சோ அதே நேரத்துல ஓடணும். தப்பைப் பார்த்த கண்ணுதான் சரியையும் பார்க்கணும்."

அதுதான் சட்டம்.

இனி என் கதைக்கு வருகிறேன். அறிவிப்புகள் ஆறே முக்காலுக்கு முடியும். சினிமா ஏழுக்கு. நடுவில் பதினைந்து நிமிடம் ஒரு ரோஜாப் பூப் படத்தைப் போட்டுப் புல்லாங்குழல் வாசிக்க விடுவோம். நாலு வருடமாக அதே ரோஜா. எனக்கு அந்த ரோஜாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து ஒன்றில் மதுரையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது, அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியின் கடையில் இலவசமாக ஒரு சி.டி. கொடுத்தார்கள். மாணவர்கள் செய்த குறும்படங்கள். யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. மறுநாள் காலையில் கண்ட்ரோல் ரூமில் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மழைக்குப் பயந்த ஒரு குடையின் கதை. ஏழு நிமிடம், ஒரு பேச்சு கிடையாது. மேகம் கறுத்ததும் அந்தக் குடை தன் பிடியை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடும். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்தது களிமண் பொம்மைப் படம். ஒரு பூனை ஒரு பந்தை உருட்டும், அவ்வளவுதான். பிளேயரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். பூனையின் முதுகில் கட்டைவிரல் ரேகை தெரிந்தது! அடுத்த படத்தில் அதே ரேகை கொஞ்சம் தள்ளி இருந்தது. யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்து, தொட்டுத் தொட்டு, இந்தப் பூனையை நடக்க வைத்திருக்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கேபிள் முதலாளியிடம் போய் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கேட்டேன். "பொம்மைப் படமா? யாரு பார்ப்பா? சரி, போடு. ஆனா ஒரு புகார் வந்துச்சு, மறுநாளே ரோஜாப் பூதான்" என்று சொல்லிவிட்டார். அந்த நிபந்தனை மனதில் இருக்கட்டும், பின்னால் வேண்டும்.

புகார் வரவில்லை. குடைப் படத்தைத் திரும்பப் போடச் சொல்லித்தான் ஃபோன் வந்தது. மதுரைக்கும் தேனிக்கும் ஆள் போனால் சி.டி. வாங்கி வரச் சொன்னேன். ஒரு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் கைச்சரக்கு தீர்ந்துபோனது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த இலவச சி.டி.யில் அந்த விளையாட்டு கிடைத்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் புரியாத எழுத்தில் இருந்தது. விளையாட எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. ஆனால் விளையாட்டின் நடுநடுவே வரும் கதைக் காட்சிகளைத் தனியாக, விளம்பரத்துக்காக, படங்களாகப் போட்டிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம். அதிலும் பேச்சில்லை.

அதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வறண்டுபோன ஓர் ஊர். நெட்டையாக ஒரு மனிதன், முழங்கால் வரைக்கும் நீளச் சட்டை. ஊரார் அவன் முதுகில் ஆளுயரச் சாவி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். மலைக்கு மேலே ஏழு மதகு பூட்டிக் கிடக்கிறது. அவன் போய் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கூடவே ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று போகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை எப்போது திறப்பார்கள் என்று வருடா வருடம் அண்ணாந்து பார்க்கிற ஊர் நாங்கள். எங்களுக்கு மதகுக் கதையைச் சொல்லித்தரவா வேண்டும்?

இங்கேதான் தப்பு நடந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எதையும் நேராக ஒளிபரப்பக் கூடாது, பாதியில் நின்றுவிடும் என்பது சாரின் உத்தரவு. அதனால் பன்னிரண்டு ஃபைலையும் மொத்தமாகத் தேர்வு செய்து வரிசையில் ஏற்றி, கேசட்டில் பதிந்துகொண்டேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எண் தெரியாது. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து அடுக்கும். ஒன்றுக்கு அடுத்துப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதன் பிறகுதான் இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை. நான் கேசட்டைத்தான் பார்த்தேன். கேசட்டில் எண் ஏது?

ஆகவே எங்கள் ஊர் பார்த்த கதை இதுதான். முதல் நாள், சாவியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். இரண்டாம் நாள், ஒரு மதகிலிருந்து வெள்ளம் பாய்ந்து அவனை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்றாம் நாள், ஊரார் அவனுக்கு ஒரு கல் நடுகிறார்கள். நான்காம் நாள், கரையில் அந்த ஆடு தனியாக நிற்கிறது. ஐந்தாம் நாள், அவன் சட்டை சொட்டச் சொட்ட நடந்து வருகிறான்! அப்புறம் ஒவ்வொரு மதகாகத் திறந்துகொண்டே போகிறான். பன்னிரண்டாம் நாள், கடைசி மதகில் சாவியை நுழைத்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

செத்தவன் எப்படி எழுந்து வந்தான் என்று ஒருவருமே கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்துச் சாமிகளில் பாதி, செத்த பிறகுதானே வேலையைத் தொடங்குகின்றன? கல் நட்டார்கள், எழுந்துவிட்டான், காவலுக்குக் கிளம்பிவிட்டான். இதில் சந்தேகம் என்ன? மைக்கைப் பிடித்து நான் தமிழில் கதையும் சொன்னேன். "ஊர் நட்ட கல்லுக்குள்ளிருந்து எழுந்து வருகிறான் நம் சாவிக்காரன்" என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

ஃபோன் அடித்த அடியைச் சொல்லி மாளாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கூப்பிட்டு, "ஏம்மா, இங்கன ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறாங்க. அந்த ஆடு அவன் வளத்த ஆடா, இல்ல அதுவும் சாமியா? நீ சொல்லிட்டா டீயாவது ஆத்துவேன்" என்றார். ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் ஒரு மேஸ்திரி பாதி மலையாளத்தில், "மோளே, ஆ ஆடு பாவமல்லே, அதை ஒற்றைக்கு விட்டிட்டுப் போகலாமோ" என்று, ஆட்டைத் தனியே விட்டதற்கு என்னிடம் கோபித்துக்கொண்டார். ஒரு டீச்சர், சட்டை ஏன் காயவே மாட்டேன் என்கிறது என்று கேட்டார். அவர் கேள்விக்கு அவர் வீட்டுக்காரரே பின்னாலிருந்து பதில் சொன்னது ஃபோனில் கேட்டது: "தண்ணியில போனவன் ஈரத்தோடதான வருவான்? இது தெரியலையா ஒனக்கு?"

கதை முடிந்து இரண்டு நாள் கழித்து ரோஸ்லின் வந்தாள். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். படியேறி வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, எங்கம்மா கதை சொன்னாங்க. ரெண்டாவது நாளே அவன் செத்துட்டானாமே? அது பத்தாவது சீனுக்கா! அது கடைசியில வரும்!"

அந்த விளையாட்டை அவள் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் நாலு தடவை விளையாடி முடித்திருக்கிறாள். என் கம்ப்யூட்டரைத் திறந்து ஃபைல்களின் எண்ணைக் காட்டினாள். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அப்ப உண்மையில கதை எப்படி முடியுது?"

"ஏழு மதகையும் திறக்கிறான். தண்ணி வந்து அவனை அடிச்சுட்டுப் போயிடுது. கல்லு நடுறாங்க. ஆடு தனியா நிக்குது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு முதல் அனுமந்தன்பட்டி வரை அவனை எழுப்பி நடக்கவிட்டவள் நான். சாரிடம் சொன்னால் சட்டம் என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ரோஸ்லின் மட்டும்தான் சாட்சி, அவளும் அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள். சொன்னால், நான் ஒரு கூமுட்டை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு, ஆசையாக வளர்த்த ஆளைக் கொன்று காட்ட வேண்டும். புகார் வராமல் இருக்குமா? புகார் வந்தால் பதினைந்து நிமிடம் போச்சு. திரும்பவும் அந்த ரோஜாப் பூ.

அரை நாள் தவித்தேன். கடைசியில் எனக்குப் பெருமாள் வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதிவேட்டை எடுத்தார்.

"எத்தனை நாள் ஓடுச்சு?"

"பன்னெண்டு சார்."

"பொம்மைப் படத்துக்குமா சார் திருத்தம்?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அவர் பன்னிரண்டு வரியிலும் குறுக்கே கோடு போட்டார்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு மைக்கைப் பிடித்தேன். "சாவிக்காரன் கதையை வரிசை மாற்றி ஒளிபரப்பிவிட்டேன். தவறு என்னுடையது. இன்று முதல் பன்னிரண்டு நாட்கள் சரியான வரிசையில் வரும்."

முதல் நாள் ஃபோன் அமைதியாக இருந்தது. இரண்டாம் நாள்தான் இடி. இரண்டாம் ஃபைலில் அவன் மலைப்பாதையில் நடக்கத் தொடங்குகிறான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதல் ஃபோன் அதே டீச்சர்.

"ஏங்க, இன்னும் அவன் தண்ணியிலேயே விழலை. ஊரே காஞ்சு கெடக்குது. அதுக்குள்ள சட்டை எப்படிங்க நனைஞ்சுச்சு?"

அடுத்த ஃபோனும் அதே கேள்வி, அதற்கு அடுத்ததும் அதே. ரோஸ்லினை ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் சிரித்தாள்.

"அது யாருக்குமே தெரியாதுக்கா. அந்த விளையாட்டை ஆடுறவங்க இன்டர்நெட்ல அதுக்குத்தான் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. வரைஞ்சவங்க தப்பா வரைஞ்சுட்டாங்கன்னு பாதிப் பேர், ஏதோ ரகசியம்னு பாதிப் பேர்."

எனக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் குதூகலம். உலகமே அடித்துக்கொள்ளும் கேள்வியை எங்கள் உத்தமபாளையத்து டீச்சர் ஒருவர், ஒரே தடவை பார்த்துவிட்டுக் கேட்டுவிட்டாரே! ஆனாலும் நாளுக்கு நாள் ஃபோனில் குரல் ஏறிக்கொண்டே போனது. "நீ மொதல்ல போட்டதுதான் சரி, இப்பத்தான் மாத்திப் போடுற" என்று டீக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். முதலாளி ஒரு நாள் வந்து, "என்ன மரகதம், ரோஜாப் பூப் படம் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள். ஆடு கரையில் தனியாக நிற்கும் காட்சி. "இத்துடன் கதை முடிந்தது" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். ஒரு ஃபோனும் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. ஏழு மணிச் சினிமாவைப் போட்டேன்.

மறுநாள் காலையில் சார் வந்ததும் ஷூவைக்கூடத் துடைக்காமல் என் மேசைக்கு வந்தார்.

"நேத்து கடைசி வீட்டுல இருந்தேன். அந்தம்மா ஒண்ணு சொன்னாக."

"படம் சரியா வரலையா சார்?"

"அதில்ல. கதை முடியலைன்னு சொல்றாக. 'அந்த ஆட்டோட காதைப் பாருங்க'ன்னாக. நாங்களும் பாத்தோம்." நாங்களும் பார்த்தோம் என்றாரே, அதுவே எனக்கு அதிசயம். "மூஞ்சி ஆத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. எடது காது மட்டும் பின்னாடி திரும்புது. ஆளு காலடி கேட்டாத்தான் ஆடு அப்படித் திருப்புமாம். அதுவும் வளத்த ஆளு காலடின்னாத்தான் தலையத் தூக்காம காதை மட்டும் திருப்புமாம். வேத்தாளா இருந்தா தலை நிமிந்துருமாம். பின்னாடி யாரோ வாரான்னு சத்தியம் பண்றாக."

கேசட்டைச் சுற்றிப் போட்டேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். கடைசி நொடியில் அந்தக் காது திரும்புகிறது! மெல்ல, அரை வட்டம். நான் நூறு தடவை பார்த்த காட்சி அது.

கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு ஃபோன் போட்டேன். ரோஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "விளையாட்டு முடிஞ்சு ஆடு வந்ததும் நீ என்ன செய்வே?"

"முடிஞ்சிடுச்சேக்கா, நிறுத்திடுவேன்."

"நிறுத்தாத. அங்கேயே விட்டுட்டு உக்காரு. ஆடு யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கு. நீயும் அது கூட இரு."

"எவ்வளவு நேரம்?"

"அந்த ஆடு எவ்வளவு நேரம் நிக்குமோ அவ்வளவு நேரம்."

பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கண்ட்ரோல் ரூம் ஃபோன் அடித்தது. எடுத்தால் ஒரே கத்தல்.

"அக்கா! வந்துட்டான்க்கா! நாப்பது நிமிசம் நாங்க ஆறு பேரு கண்ணு சிமிட்டாம உக்காந்திருந்தோம். மொதல்ல காலடிச் சத்தம். அப்புறம் ஆடு திரும்புச்சு. சட்டை சொட்டச் சொட்ட வாரான்! வந்து ரெண்டாவது சீன் ஆரம்பிக்குதுக்கா! பன்னெண்டுக்கு அப்புறம் ரெண்டு!"

நான் ரிசீவரைப் பிடித்தபடி நாற்காலி மேல் ஏறி நின்றேன் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு அது ஞாபகமில்லை. பன்னிரண்டுக்கு அப்புறம் இரண்டு. அறியாமல் நான் போட்ட வரிசையே அதுதான். சட்டை ஏன் நனைந்திருக்கிறது என்று உலகம் அடித்துக்கொண்ட கேள்விக்கு, டீச்சர் வீட்டுக்காரர் முதல் வாரமே விடை சொல்லிவிட்டார்.

சாரிடம் சொன்னேன்.

"அப்ப நாம போட்ட திருத்தம் தப்பு."

"ஆமா சார்."

"எத்தனை நாள் ஓடுச்சு?"

"பன்னெண்டு."

பென்சிலை எடுத்துச் சீவினார். பதிவேட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் எழுதினார்: 'திருத்தத்துக்குத் திருத்தம், பன்னிரண்டு நாள்.' பழைய பக்கத்தின் கோடுகளுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

முதல் நாள் அறிவிப்பை முன்கூட்டியே பதிந்து வைத்துவிட்டு, சாரோடு மொபெட்டில் கடைசி வீட்டுக்குப் போனேன். என் வாயால் சொன்னதைப் பேச்சியம்மாள் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டாந்தரையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் புள்ளி புள்ளியாக மணல் கொட்டியது. அதற்குள்ளிருந்து என் குரல் வந்தது: "முன்பு தவறு என்று நான் சொன்னதுதான் தவறு. சாவிக்காரன் திரும்பி வருகிறான். காதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அனுமந்தன்பட்டி பேச்சியம்மாள்."

பேச்சியம்மாள் மடியில் கிடந்த குட்டியைத் தடவிக்கொண்டே, "இதுக்கு எதுக்குத்தா எம் பேரச் சொல்ற? ஆடு வளக்குறவுக யாரக் கேட்டாலும் சொல்லுவாகளே" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி ரோஜாப் பூவைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அந்தப் பதினைந்து நிமிடம் சேனல் மூடும் வரை என்னிடமே இருந்தது.

திரும்பும்போது சார் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சாவி அவ்வளவு கனமாக இருந்தால் அவன் முதுகு ஏன் வளையவில்லை, ஏழாவது மதகுக்குப் பின்னால் இன்னொன்று இருக்குமோ, கொம்பு எந்த மதகில் முறிந்திருக்கும் என்று என்னென்னவோ கேட்டார். உத்தமபாளையம் எல்லை வந்ததும் சட்டென்று பிரேக் போட்டார். நான் முன்னால் சாய்ந்து விழப் பார்த்தேன்.

"என்னாச்சு சார்?"

"அடச்சே. படம் எப்படி வருதுன்னு பார்க்கவே இல்லையேம்மா."

மொபெட்டைத் திருப்பினார்.